கூலி பாக்கிக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு: எதற்கு உதவும், எங்கே உதவாது

வீட்டுக்கு மட்டும் ரேட் பேசியிருப்பார்கள். நடுவில் “அப்படியே காம்பவுண்டையும் எழுப்பிடுங்க மேஸ்திரி” என்பார் வீட்டுக்காரர். கணக்கு முடிக்கும்போது “சுவருக்குத் தனியா எதுவும் பேசலையே” என்று கையை விரிப்பார். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி வரும் தகராறு இது.

ரேட் பேசாவிட்டாலும் பணம் உண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவுப்படி, வேலை சட்டத்துக்கு உட்பட்டதாகவும், இனாமாகச் செய்யாததாகவும் இருந்து, எதிராளி அதன் பலனை அனுபவித்தால் ஈடு தந்தே ஆக வேண்டும். வேண்டாம் என்று தடுத்தும் கட்டிய சுவருக்கு இது பொருந்தாது. ரேட் பேசிய வேலைக்கும் இதை இழுக்க முடியாது. அங்கே பேசிய ரேட்தான்.

இதற்கு நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கலாம். கோர்ட் ஃபீஸ் கிடையாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீலும் இலவசம். சமரசமானால் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தரும் தீர்ப்பு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் இல்லை. சின்னத் தொகைக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

மனு சொதப்புவது கணக்கில்தான். “சுவர் வேலை 80,000 பாக்கி” என்று மொத்தமாக எழுதினால் பேரம் பாதியில் வந்து நிற்கும். நீளம் 60 அடி, உயரம் 5 அடி, 300 சதுர அடி, அந்த ஊர் நடப்பு ரேட் இவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். கொத்தனார், சித்தாள் ஆள்கணக்கு நோட்டு, ஹார்டுவேர் கடை பில், வேலை நடந்தபோது எடுத்த போட்டோ எல்லாம் வேண்டும். “எழுப்பிடுங்க” என்ற வாட்ஸ்அப் குரல்பதிவு இருக்கும் போனை மாற்றிவிடாதீர்கள்.

தவணைக்கு ஒத்துக்கொண்டால் தேதிகளோடு, ‘ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே’ என்ற வரியையும் எழுதச் சொல்லுங்கள். பலர் கோட்டைவிடுவது இந்த வரியைத்தான். அது இல்லாவிட்டால், கட்டத் தவறிய தவணைக்கு மட்டும்தான் நிறைவேற்று மனு (தீர்ப்புப்படி பணத்தை வசூலித்துத் தரச் சொல்லும் மனு) போட முடியும்.

குறையும் உண்டு. நோட்டீஸ் போயும் எதிராளி வராவிட்டால், வந்தும் ஒத்துக்கொள்ளாவிட்டால், ஆணைக்குழு கட்டாயப்படுத்த முடியாது. வழக்குப் போட வேலை முடிந்த நாளிலிருந்து உள்ள 3 வருடக் காலவரம்பும் அதுபாட்டுக்கு ஓடும். அளவிலேயே தகராறு என்றால் நேரே சிவில் வழக்குக்குப் போங்கள். அங்கே கோர்ட் நியமிக்கும் கமிஷனரை வைத்துச் சுவரை அளக்கச் சொல்லலாம்.