சட்டமூலம் எங்கே நிற்கிறது? யாழ்ப்பாணத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு பாவனை அனுபவம்

பத்திரிகைச் செய்தியை நம்பிச் சட்டமூலம் ஒன்றைப் பின்தொடர்ந்தால், பஸ் போன பிறகுதான் தரிப்பிடத்துக்கு வந்து சேருவீர்கள். செய்தி பெரிதாக வருவது விவாத நாளில். அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய இயலாது. சபாநாயகர் சான்றுரை (நிறைவேறியது என்று கையொப்பமிட்டு உறுதிப்படுத்துவது) எழுதிய சட்டத்தை அரசியலமைப்புக்கு முரண் என்று எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாதபடி உறுப்புரை 80(3) கதவைச் சாத்தியிருக்கிறது. ஆகவே முதல் மூன்று கிழமைதான் காரியம். அந்த மூன்று கிழமைக்கு எது உதவுகிறது, எது காலை வாருகிறது என்பதை நீண்டகாலப் பாவனையை வைத்து எழுதுகிறோம்.

முதலாவது வர்த்தமானி. சட்டமூலம் தனி வர்த்தமானியாக வராது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியின் பகுதி II இற்கான குறைநிரப்பியாக வரும். இதில் எல்லாரும் ஒருமுறையாவது தடுக்கி விழும் இடம் திகதி. முகப்பில் இரண்டு திகதிகள் இருக்கும். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தை எடுங்கள்: மேலே 2023 செப்டெம்பர் 15 ஆம் திகதிய பகுதி II என்று இருக்கும், அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 2023.09.18 அன்று வெளியிடப்பட்டது என்று இருக்கும். வெள்ளிக்கிழமை தேடியவருக்கு ஒன்றும் கிடைத்திராது. எனவே வெள்ளி மட்டும் பார்த்துவிட்டு விடாமல் திங்கள், செவ்வாயிலும் ஒருதரம் பாருங்கள். குறித்துவைக்க வேண்டியது அடைப்புக்குறிக்குள் இருக்கும் திகதி.

பெயரும் சிக்கல்தான். வர்த்தமானி 'நிகழ்நிலைக் காப்பு' என்றால் பத்திரிகை 'இணையப் பாதுகாப்பு' என்று எழுதும், முகநூலில் 'ஒன்லைன் சட்டம்' என்பார்கள். போதாக்குறைக்குத் தமிழ்ப் பிடிஎஃப் சில பழைய எழுத்துருவில் இருப்பதால் தேடல் பெட்டியில் தமிழ்ச் சொல்லை இட்டால் ஒன்றும் வராது, பிரதிபண்ணினால் குப்பை எழுத்துத்தான் வரும். கோப்பைச் சேமிக்கும்போது வெளியிட்ட திகதியை முன்னுக்குப் போட்டு, மூன்று மொழிப் பிரதியையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். பெயரைக் கொண்டு தேடுவதிலும் பார்க்கத் திகதியைக் கொண்டு தேடுவது சுகம்.

அடுத்தது ஒழுங்குப் பத்திரம், அதாவது பாராளுமன்ற அமர்வின் நிகழ்ச்சிநிரல். எங்கள் கணிப்பில் முழு வேலையிலும் முக்கியமான கடதாசி இதுதான். வர்த்தமானியில் வெளிவந்து குறைந்தது 7 நாள் கழித்தே சட்டமூலம் இதில் ஏறலாம். 2015 இல் 19 ஆவது திருத்தம் அதை 14 நாளாக்கியது, 2020 இல் 20 ஆவது திருத்தம் திரும்ப 7 ஆக்கியது. பழைய கட்டுரைகளில் 14 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளில் இருந்து 14 நாளுக்குள் எந்தப் பிரசையும் உறுப்புரை 121 இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். கடிகாரம் ஓடத் தொடங்குவது வர்த்தமானித் திகதியில் அல்ல, இந்தத் திகதியில். நிகழ்நிலைக் காப்பு 2023 ஒக்டோபர் 3 இல் சமர்ப்பிக்கப்பட்டது. கெடு 17 ஆம் திகதி.

யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு அந்த 14 நாள் உண்மையில் 14 நாள் இல்லை. இரண்டு சனி ஞாயிறு போகும், போயா விழுந்தால் அதுவும் போகும். மனுவைக் கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும், பிரதியைச் சபாநாயகருக்கும் அதே நேரத்தில் சேர்ப்பிக்க வேண்டும். கொழும்பு பஸ்ஸுக்கு ஓர் இரவு. கையில் மிஞ்சுவது எட்டு, ஒன்பது வேலைநாள். ஆகவே சட்டத்தரணியோடு கதைப்பது வர்த்தமானி வந்த கிழமையிலேயே நடக்க வேண்டும். சங்கங்கள் நிர்வாகக்குழுக் கூட்டம் வரும்வரை பொறுத்திருந்து இந்தக் காலத்தைத் தொலைப்பது வழக்கமாகிவிட்டது.

உயர் நீதிமன்றம் தன் தீர்மானத்தை மூன்று கிழமைக்குள் ஜனாதிபதிக்கும் சபாநாயகருக்கும் தெரிவிக்க வேண்டும். சபாநாயகர் அதை அமர்வின் தொடக்கத்தில் அறிவிப்பார். முழுத் தீர்மானமும் வேண்டுமானால் அந்த நாள் ஹன்சாட்டை (பாராளுமன்ற விவாதப் பதிவை) பாருங்கள். எந்த வாசகத்துக்கு (சட்டமூலத்தின் பிரிவுக்கு) மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும், எந்தத் திருத்தம் செய்தால் சாதாரண பெரும்பான்மை போதும் என்பதெல்லாம் அதில் வாசகம் வாசகமாக இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஓரளவு ஒழுங்காகக் கிடைக்கும். எங்களைக் கைவிட்டுவிடுவது குழுநிலை, அதாவது சபை சட்டமூலத்தை வாசகம் வாசகமாக எடுக்கும் கட்டம். இரண்டாம் வாசிப்பு முடிந்ததும் (பாராளுமன்றத் தமிழில் 'மதிப்பீடு' என்றும் வரும், பயப்பட வேண்டாம்) சபையிலேயே திருத்தங்கள் முன்வைக்கப்படும். வர்த்தமானியில் நீங்கள் வாசித்த சட்டமூலமும் மாலையில் நிறைவேறும் சட்டமூலமும் வேறு வேறாக இருக்கலாம். இதற்கு எங்களுக்கு வேறெங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2017 இல் மாகாண சபைத் தேர்தல் திருத்தம் பெண்களுக்கான ஒதுக்கீட்டுக்கென்று வந்தது. செப்டெம்பர் 20 அன்று குழுநிலையில் தேர்தல் முறையே மாறி, 2017 இன் 17 ஆம் இலக்கச் சட்டமாகியது. அதன்படி செய்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. வட மாகாண சபையின் காலம் அதே ஆண்டு ஒக்டோபரில் முடிந்தது. வர்த்தமானியை மட்டும் வாசித்துவிட்டு இருந்தவருக்கு இது எங்கே இருந்து வந்தது என்றே விளங்கியிராது.

இதற்கு முழுமையான பரிகாரம் இல்லை. திருத்தங்களைக் கண்டுபிடிக்க ஹன்சாட்டின் குழுநிலைப் பக்கங்களை வாசிக்கலாம். அல்லது சட்டம் அச்சில் வந்ததும் சட்டமூலத்தைப் பக்கத்தில் வைத்து வாசகம் வாசகமாக ஒப்பிடலாம். இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். ஒவ்வொரு வாசகத்தின் ஓரத்திலும் இருக்கும் சிறுதலைப்பை, அதாவது ஓரக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது.

வாக்கெடுப்பு முடிந்தது என்றால் சட்டம் வந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். நிகழ்நிலைக் காப்பு 2024 ஜனவரி 24 இல் 108 க்கு 62 என்று நிறைவேறியது. சபாநாயகர் சான்றுரை எழுதியது பெப்ரவரி 1 இல்தான், 2024 இன் 9 ஆம் இலக்கச் சட்டமானதும் அன்றுதான். உங்கள் அட்டவணையில் இந்த இரண்டுக்கும் தனித்தனி நிரல் இருக்கட்டும். கலைப்புக்கும் ஒரு நிரல் வையுங்கள். கூட்டத்தொடரை முடித்துவைக்கும் ஒத்திவைப்பில் வேலை அடுத்த கூட்டத்தொடருக்குத் தொடரலாம், பாராளுமன்றம் கலைந்தால் சட்டமூலம் செத்துவிடும். 2024 ஜனவரியில் வந்த பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலம் அந்தச் செப்டெம்பர் கலைப்போடு போனது.

கடைசியாக, தமிழ்ப் பிரதியை வாசிப்பவர்கள் முதலில் இறுதி வாசகத்தைப் பாருங்கள். சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கி நிற்கும் என்று கிட்டத்தட்ட எல்லாச் சட்டமூலத்திலும் இருக்கும். குற்றம், தண்டம், வரைவிலக்கணம் என்று வரும் வாசகங்களில் தமிழ் முரண்டு பிடித்தால், சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி அந்த மூன்று இடத்தையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். முழுவதையும் ஒப்பிட 14 நாள் காணாது.