கடினமரத்தில் நுண்வேலைக்கு எந்த ஸ்க்ரோல் சா ஏற்றது?

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தில் வளைவுகளை அறுக்கும் மின் ரம்பமான ஸ்க்ரோல் சாவை வாங்குபவர்கள் பெரும்பாலும் மோட்டாரின் சக்தியையும், பிளேடுக்குப் பின்னால் எத்தனை அங்குலம் இடம் இருக்கிறது என்பதையும்தான் முதலில் பார்க்கிறார்கள். மேப்பிள், வால்நட், தேக்கு போன்ற கடினமரங்களில் நுணுக்கமான வேலை செய்பவர் அவற்றுக்கு முன்பாகப் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: பிளேடை எந்திரம் எப்படிப் பிடிக்கிறது, பிளேடு எந்தப் பாதையில் ஏறி இறங்குகிறது.

வடிவத்தின் உட்பகுதியை அறுக்க, முதலில் துளையிட்டு அதன் வழியே பிளேடை நுழைத்து மாட்ட வேண்டும். பிளேடின் இரு முனைகளிலும் குறுக்காக ஊசி பொருத்திய வகையை மாட்டுவது எளிது. ஆனால் அந்த ஊசி நுழைவதற்கே ஏறக்குறைய 5 மி.மீ. துளை வேண்டும் என்பதால், பூவேலையின் சிறு கண்களை அதைக் கொண்டு அறுக்க முடியாது. ஊசியில்லாத தட்டை முனைப் பிளேடுகளில் மெல்லியவை 1 மி.மீ. துளையிலேயே நுழைந்துவிடும். ஆகவே, ஊசிப் பிளேடை மட்டுமே ஏற்கும் எந்திரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நுண்வேலைக்கு உதவாது என்றே சொல்வேன். பிளேடை இறுக்கும் கிளாம்பைக் கருவியின்றிக் கையாலேயே திருக முடிகிறதா என்பதும் முக்கியம், ஏனெனில் ஐம்பது துளைகள் உள்ள வடிவத்தில் ஐம்பது முறை பிளேடைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து, பிளேடின் இரு முனைகளையும் தாங்கும் எந்திரக் கைகளின் அமைப்பு. சி-ஆர்ம் வகையில் மேல்கையும் கீழ்கையும் ஒரே துண்டாகப் பின்புற அச்சில் ஆடுவதால், பிளேடு ஒரு வளைவில் ஓடி, ஒவ்வொரு வீச்சிலும் சற்றே முன்னும் பின்னும் சாய்கிறது. வேகமாக அறுக்கும், ஆனால் தடித்த பலகையின் கூரிய திருப்பங்களில் வெட்டின் ஓரம் சீராக அமைவதில்லை. பேரலல் ஆர்ம் வகையில் இரு கைகளும் தனித்தனி அச்சுகளில் இணையாக ஆடுவதால் பிளேடு ஏறக்குறைய செங்குத்தாகவே நிற்கிறது. ஜெர்மனியின் ஹெக்னர் எந்திரங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. நீண்ட கைகள் முழுவதும் அசைவதால், தயாரிப்பு தரமாக இல்லாவிட்டால் அதிர்வு கூடும். பேரலல் லிங்க் வகையில் பெரிய கைகள் அசையாமல் நிற்க, முன்முனையில் உள்ள சிறு இணைப்புகள் மட்டும் ஏறி இறங்குகின்றன. அசையும் எடை குறைவதால் அதிர்வும் குறைகிறது. பிளேடுக்குப் பின்னால் 20 அங்குல இடமுள்ள டிவால்ட் டி.டபிள்யூ.788, 21 அங்குல எக்ஸ்காலிபர் ஆகியவை இந்த அமைப்பைக் கொண்டவை. கடினமரத்துக்கு என் தேர்வும் இதுதான்.

இவ்விரண்டுக்கும் இடையே சாய்வெட்டில்தான் வேறுபாடு பெரிது. டிவால்டில் மேசை சாய்கிறது. எக்ஸ்காலிபரில் தலைப்பகுதி சாய, மேசை மட்டமாகவே இருக்கிறது. இரு நிற மரங்களைச் சில டிகிரி சாய்வில் ஒன்றாக அறுத்துப் பதிக்கும் இன்லே வேலையை அதிகம் செய்பவருக்கு, துண்டு நழுவாத பின்னதே வசதி. நேர்வெட்டு மட்டும் போதுமென்றால் அதற்காகக் கூடுதல் செலவு தேவையில்லை.

வேகக் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது. டி.டபிள்யூ.788 நிமிடத்துக்கு 400 முதல் 1750 வீச்சுகள் வரை மாற்றக்கூடியது. மேப்பிளும் செர்ரியும் வெட்டின் ஓரத்தில் எளிதில் கருகுபவை. வேகத்தைக் குறைத்து, பலகையின் மேல் ஒளிபுகும் பேக்கிங் டேப்பை ஒட்டி அறுத்தால் கருகல் வெகுவாகக் குறைகிறது. அடிப்பக்கம் சிலும்பாமல் இருக்க, கீழ்முனையில் சில பற்கள் மேல்நோக்கித் திரும்பிய ரிவர்ஸ் பிளேடு நல்லது. இவை எந்த எந்திரத்துக்கும் பொருந்தும் என்றாலும், மெதுவான வேகத்திலும் திணறாத மோட்டார் இருந்தால்தான் பலன் கிடைக்கும்.

பிளேடுக்குப் பின்னால் உள்ள இடத்தைப் பொறுத்தவரை, பெரிய பலகைகளைச் சுழற்றி அறுக்காதவருக்கு 16 அங்குலமே போதும். கையில் பணம் குறைவாக இருந்தால், தட்டை முனைப் பிளேடை ஏற்கும் 16 அங்குல பேரலல் ஆர்ம் எந்திரத்தை வாங்கி, கனமான மேசையில் போல்ட்டால் இறுக்கிப் பயன்படுத்துவது, ஆட்டம் காணும் பெரிய எந்திரத்தை வாங்குவதைவிடச் சிறந்தது. எதை வாங்கினாலும், முழு வேகத்தில் ஓடவிட்டு மேசையின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பாருங்கள். பின்பு எந்திரத்தை நிறுத்தி மின்இணைப்பை எடுத்துவிட்டு, பிளேடை நீங்களே சில முறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.