ஆச்சிக்கு எத்தனை மதிப்பெண்? பக்கவாத சிகிச்சையில் ஈடுபாட்டை அளக்கும் அளவுகோல்கள்

பக்கவாதம் வந்தவரின் கோப்பில் "ஈடுபாடு குறைவு" என்று எழுத அரை நிமிஷம் போதும். அதற்குப் பிறகு நடப்பதுதான் என் கவலை. தெரபிஸ்ட் மாறினால் புதிதாக வருபவர் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். வீட்டிலும் "அம்மாவுக்கே மனசில்ல, நாம என்ன பண்றது" என்று பேச்சு ஆரம்பித்துவிடும். மும்பையில் பன்னிரண்டு வருஷமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன், அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிறவள். சயான், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று நம் ஆட்கள் நிறைய இருக்கிற பகுதிகளில்தான் என் வேலை. இந்த ஈடுபாட்டை அளக்க நான் கையாண்ட அளவுகோல்களில் எது எங்கே உதவுகிறது, எது எங்கே கைவிடுகிறது என்பதை ஒரு ஆச்சியை வைத்தே சொல்கிறேன்.

ஆச்சிக்கு அறுபத்தெட்டு வயது. திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் முப்பது வருஷம் இட்லி அவித்து விற்றவர். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரியும். ஒரு மருத்துவமனையில் முதல் வாரம் அவருக்குச் சிகிச்சை தந்தவர் என்னோடு வேலை பார்க்கும் மராத்திப் பெண். நல்ல தெரபிஸ்ட். ஆச்சிக்கு மராத்தி தெரியாது. இந்தி காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான். மேஜையில் கூம்பு அடுக்குவது, பலகைத் துளைகளில் குச்சி செருகுவது, இவைதான் பயிற்சி.

அந்த மராத்தித் தோழி தினமும் நிரப்பியது பிட்ஸ்பர்க் அளவுகோல். 2004-ல் எரிக் லென்ஸியும் சகாக்களும் வெளியிட்டது. ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் ஒன்று முதல் ஆறு வரை ஒரே ஒரு எண். முழு அமர்வையும் மறுத்தால் 1. பாதியையாவது செய்யாவிட்டால் 2. பெரும்பாலும் செய்தார், ஆனால் முழு முயற்சி இல்லை, அல்லது நிறைய ஊக்கம் தர வேண்டியிருந்தது என்றால் 3. நல்ல முயற்சியோடு பெரும்பாலானவற்றை முடித்தால் 4. எல்லாவற்றையும் முழு மூச்சோடு முடித்து, ஆனால் சொன்னதை மட்டும் செய்தால் 5. அதோடு, தானாக ஆர்வம் காட்டி, பயிற்சியைப் பற்றியோ அடுத்த அமர்வைப் பற்றியோ அக்கறைப்பட்டால் 6. ஒரு நாளைக்குப் பத்துப் பேரைப் பார்க்கிற தெரபிஸ்டுக்கு இது பெரிய வசதி, அந்த வசதியை நான் குறைத்துப் பேச மாட்டேன். இந்த எண் குறைவாக இருந்தவர்களுக்கு முன்னேற்றமும் குறைவு, மருத்துவமனையில் தங்கிய நாட்களும் அதிகம் என்று அதை உருவாக்கியவர்களே காட்டியிருக்கிறார்கள்.

ஆச்சியின் முதல் வாரம்: 3, 3, 2, 3, 3.

ஹாப்கின்ஸ் அளவுகோல் 2007-ல் வந்தது. ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஆறு வரை மதிப்பெண், மொத்தம் முப்பது. தவறாமல் வந்தாரா, ஒவ்வொன்றுக்கும் வாயால் சொல்லியோ கையால் தொட்டோ தூண்ட வேண்டியிருந்ததா, மனப்பாங்கு எப்படி, சிகிச்சை தேவை என்று உணர்ந்திருக்கிறாரா, முனைந்து பங்கெடுத்தாரா என்று கேட்கும். தூண்டல் கேள்விக்கு மட்டும் மதிப்பெண் தலைகீழ். தினமும் நிரப்புவதற்கானதல்ல இது. சில நாள் பார்த்துப் பழகிய பிறகு நிரப்புவது.

அதே வாரத்துக்கு என் தோழியை ஹாப்கின்ஸ் தாளையும் நிரப்பச் சொன்னேன். வருகைக்கு 6. தேவையை உணர்வதற்கு 6. பங்கெடுப்புக்கு 3. மனப்பாங்குக்கு 2. தூண்டலுக்கு 1, அதாவது எப்போதும் தூண்ட வேண்டியிருந்தது. கூட்டினால் 18. அந்தக் கூட்டுத்தொகையும் பிட்ஸ்பர்க்கின் 3 போலவே ஒன்றும் சொல்லாத நடுத்தர எண்தான். ஆனால் ஐந்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு நாள்கூட விடாமல் வருகிறார், தனக்கு இது வேண்டும் என்று தெரிந்து வருகிறார், வந்து உட்கார்ந்ததும் முடங்கிப்போகிறார். தடை மேஜையில் இருக்கிறது, ஆச்சியிடம் இல்லை. பிட்ஸ்பர்க்கின் ஒற்றை எண்ணில் இதைக் கண்டிருக்கவே முடியாது. அதனால்தான் மதிப்பெண் தாழ்ந்தே நிற்கிறவர்களுக்கு நான் ஹாப்கின்ஸ் தாளை எடுக்கிறேன், கூட்டுத்தொகையை எழுதாமலே.

அடுத்த வாரம் ஆச்சி என்னிடம் வந்தார். ஒரு குண்டாவில் இட்லி மாவு, ஒரு கரண்டி, ஒரு இட்லித் தட்டு. குண்டாவின் விளிம்பில் அவர் வலது கையை எடுத்து வைத்தேன். விரல்கள் மடங்கியே இருந்தன. ஒரு நிமிஷம் மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் கரண்டியை எடுத்து மாவைத் தூக்கி ஊற்றிப் பார்த்தார். "கெட்டியா இருக்கும்மா. தண்ணி விடு." நான் விட்டேன். ஒரு கலக்குக் கலக்கினார். குண்டா நகர்ந்தது. அதை நிறுத்த அந்த வலது கை, யாரும் சொல்லாமலே, விளிம்பை அழுத்தியது. கட்டை விரல் வெளியே விரிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கூம்பு அடுக்கிய ஐந்து நாளில் வராத அசைவு அது.

அன்றைக்கு நான் போட்டது 5. ஆறு ஏன் போடவில்லை என்று கேட்டால், மாவைப் பற்றிச் சொன்னாரே தவிர, பயிற்சியைப் பற்றியோ அடுத்த அமர்வைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. இங்கேதான் பிட்ஸ்பர்க்கோடு எனக்குப் பெரிய மன வருத்தம். தானாகக் கேள்வி கேட்பதுதான் ஆர்வம் என்று அது எடுத்துக்கொள்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், வைத்தியம் பார்க்கிறவர் முன்னால் பேசாமல் சொன்னபடி செய்வதைத்தான் மரியாதை என்று வளர்ந்தவர்கள். "நீங்க சொன்னா சரிதான்" என்கிற ஆச்சி உள்ளுக்குள் எவ்வளவு முனைப்போடு இருந்தாலும் ஐந்தைத் தாண்ட மாட்டார். மூன்றாவது நாள் புறப்படும்போது, "நாளைக்கு மாவு நான் ஆட்டிக் கொண்டாரட்டுமா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் 6 போட்டேன். நோயாளி மாறவில்லை. பேச்சு மொழியும் கையில் கொடுத்த வேலையும் மாறின. மூன்றையும் ஆறையும் ஆச்சியின் குணமாக எழுதிவைப்பது அநியாயம்.

ஹாப்கின்ஸுக்கும் ஒரு பெரிய குறை உண்டு. மூளையின் வலது பக்கம் பாதித்தவர்களில் சிலருக்குத் தன் இடது கை செயலிழந்ததே தெரியாது. "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்கு அனுப்புங்க" என்பார்கள். அது பிடிவாதமல்ல, நோயின் அறிகுறி. தேவையை உணர்கிறாரா என்ற கேள்வி அவர்களுக்கு 1 கொடுத்துத் தண்டிக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. மனப்பாங்குக் கேள்வி அவர்களிடமும் இதையே செய்யும். தொடர்ந்து 1, 2 விழுகிறதென்றால் நான் முதலில் நரம்பியல் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் பேசுவேன், நோயாளியிடம் "கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்று சொல்வதற்கு முன்.

சி.ஓ.பி.எம். என்ற கனடா நேர்காணலை இந்த வரிசையில் வைப்பதைச் சிலர் ஒப்பமாட்டார்கள். அது ஈடுபாட்டை நேரடியாக அளப்பதில்லை. உங்களுக்கு எந்த வேலை முக்கியம், அதை இப்போது எவ்வளவு செய்கிறீர்கள், எவ்வளவு திருப்தி என்று நோயாளியையே கேட்டுப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்கிறது. மறுபடி கேட்கும்போது இரண்டு புள்ளி கூடினால் அதை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்கிறோம். ஆச்சிக்குப் "பத்துக்கு எத்தனை" என்பது பிடிபடவில்லை. "பத்து ரூபாய்க்கு எத்தனை ரூபாய் தேறும்?" என்றதும் பிடிபட்டது. இட்லி ஊற்றுவதற்கு முக்கியம் பத்து, செய்கிற அளவு ஒன்று, திருப்தி ஒன்று. மகன் குறுக்கிட்டு, "அதெல்லாம் வேண்டாம் மேடம், பாத்ரூம் தனியா போனா போதும்" என்றார். மருமகளோ இனி வியாபாரமே கூடாது என்றார். மூன்று பேருக்கும் மூன்று முக்கியம். முதல் வாரம் கூம்பை அடுக்கச் சொன்ன நாங்கள் நான்காவது. ஆறு வாரம் கழித்து ஆச்சி சொன்னது: செய்கிற அளவு நாலு ரூபாய், திருப்தி ஐந்து ரூபாய். இந்தியாவின் முதல் ஆக்குபேஷனல் தெரபிப் பள்ளியை 1950-ல் இதே மும்பையில், கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார். அந்த ஊரில் இருந்துகொண்டு, ஒரு இட்லிக்காரம்மாவிடம் அவர் வேலையைப் பற்றிக் கேட்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வீட்டில் பாதித்த கையை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று 0 முதல் 5 வரை கேட்கும் மோட்டார் ஆக்டிவிட்டி லாக், எட்வர்ட் டாப் குழுவினருடையது. ஓரளவு அசைக்க முடிகிற கையையும் பழக்கத்தால் ஓரங்கட்டிவிடுகிறார்கள் என்பது டாப் காட்டிய உண்மை. அதைப் பிடிக்க இந்தத் தாள் நல்லது. ஆனால் நினைவு மங்கியவர்களிடம் கேட்டுப் பயனில்லை, உடனிருப்பவரைக் கேட்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் அசைவுப் பட்டை பொய் சொல்லாது என்பார்கள். குண்டும் குழியுமான ரோட்டில் ஆட்டோவில் வந்தாலும் அது அசைவாகத்தான் பதியும், நடக்கும்போது கை தானாக ஆடினாலும் அப்படியே. கை அசைந்ததா என்று தெரியும், எதற்காக அசைந்தது என்று தெரியாது. பணமும் ஆகும். ஆராய்ச்சிக்கு எடுக்கலாம், என் அன்றாட வேலைக்கு நான் எடுப்பதில்லை.

இப்போது நான் செய்வது: முதல் நாளே கனடா நேர்காணல், நோயாளியைத் தனியாக வைத்து, அவர் மொழியில். மொழி தெரியாத தெரபிஸ்ட் என்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பிறகு தினமும் பிட்ஸ்பர்க் எண். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் என்ன வேலை, எந்த மொழி, யார் கூட இருந்தார்கள் என்று மூன்றே சொல். மூன்று நாள் தொடர்ந்து 3-ஐத் தாண்டாவிட்டால் ஹாப்கின்ஸ். அசைவுப் பட்டை இல்லை. மோட்டார் லாக் வாரம் ஒருமுறை, வீட்டில் கூடவே இருக்கிறவரிடம்.

பேச்சே போய்விட்டவர்களிடம் இந்த ஏற்பாடு பாதிதான் வேலை செய்கிறது. நேர்காணலுக்குப் பதிலாக அவர்கள் வீட்டில் எடுத்த போட்டோக்களைக் காட்டி, கண்ணும் கையும் எதில் நிற்கிறது என்று பார்க்கிறேன். மாட்டுங்காவில் ஒரு தாத்தா, இருபது போட்டோவில் பூஜை அறை மணியில்தான் விரலை வைத்தார். அந்த மணியை நாளைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.