10 கோழிக்கென்று விற்கும் 4க்கு 3 தகரக் கூடு: வாங்கலாமா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பட்டறைகளில் செய்து விற்கிற வகைக் கூடு இது. 4 அடி நீளம், 3 அடி அகலம், உள்ளே 3 அடி உயரம், ஒன்றரை அடி கால். மூன்று பக்கமும் தகரம், முன்கதவில் மட்டும் அரை இஞ்ச் கண்ணுள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை. சட்டமும் மெஷ்ஷும் நல்ல தரம்; கீரியோ மரநாயோ புகாது. ஆனால் வாங்கிய நிலையிலேயே கோழியை அடைக்காதீர்கள்.

முதலில் இடக்கணக்கு. வளர்ந்த நாட்டுக்கோழிக்கு 2 சதுர அடி வேண்டும். தரை 12 சதுர அடி, அதில் முட்டைப்பெட்டி 2 சதுர அடியை விழுங்கிவிடுகிறது. மீதியில் 5 கோழிதான். பெட்டியைப் பக்கவாட்டில் வெளியே தள்ளிப் பொருத்தினால் 6. ராத்திரி கோழி ஏறி உட்காரும் அடைகம்பில் கோழிக்கு 8 இஞ்ச் வீதம் பார்த்தாலும் 4 அடிக் கம்பில் அதே 6தான். பகலில் மேயவிட்டாலும் ராத்திரிக்கு இதே கணக்கு. பத்தை அடைத்தால் கொத்திக்கொள்ளும்.

காற்றோட்டம்தான் பெரிய குறை. எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மூச்சிலும் ஈரம் வருகிறது. சூடான ஈரக்காற்று மேலே போய் வெளியேற வழியில்லாமல் தகரத்தில் வியர்த்து, விடியற்காலம் சொட்டுகிறது. கீழே போட்ட உமி நனைகிறது, அமோனியா கிளம்புகிறது, குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வருகிறது. நம்மூரில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்பதால் இது இரட்டிப்பாகத் தெரியும். மழைக்குப் பயந்து தார்ப்பாய் போட்டு மூடுவதுதான் பலரும் செய்வது; அது இன்னும் கேடு.

செய்ய வேண்டியது: நீளமான இரண்டு பக்கமும் கூரையை ஒட்டி 6 இஞ்ச் உயரத்துக்கு முழு நீளமும் தகரத்தை வெட்டி எடுங்கள். இரண்டும் சேர்ந்து 4 சதுர அடி திறப்பு. அரை இஞ்ச் மெஷ்ஷை வெளிப்பக்கம் வைத்து, பட்டைக்கம்பி கொடுத்து ஸ்க்ரூ போடுங்கள். கட்டுக்கம்பியால் கட்டினால் மரநாய் இழுத்துவிடும். வெட்டிய விளிம்பில் ரெட் ஆக்சைடு பூசாவிட்டால் அங்கிருந்துதான் துரு ஏறும். கூரை இப்போது 4 இஞ்ச்தான் நீண்டிருக்கிறது, சாரலுக்கு அது போதாது. இருபுறமும் ஒன்றரை அடி நீட்டுங்கள். அடைகம்பு தரையிலிருந்து ஒரு அடியில் இருக்கட்டும். காற்று தலைக்கு மேலே போகவேண்டும், உடம்பில் அடிக்கக்கூடாது. வெயிலுக்குக் கூரைமேல் முடைந்த ஓலை போதும்.

நீளப்பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வையுங்கள். மேற்கே குறுகிய தகரப்பக்கம் வருவதால் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்து ஆடிக்காற்றையும் அது தாங்கும்.

தரைக்குக் கொடுத்திருக்கும் பிளைவுட் வீண். மழைக்காலத்தில் ஊறி உப்பிவிடும். அயினி மரப் பலகை போட்டு, 4 இஞ்ச் உமியோ மரத்தூளோ பரப்பிக் கிளறிவிடுங்கள். நனைந்த இடத்தை முதலில் அள்ளுங்கள். ஈரத்தின்மேல் சுண்ணாம்பு தூவினால் அமோனியா கூடத்தான் செய்யும். விடியற்காலை கதவைத் திறந்து, குனிந்து கோழியின் உயரத்தில் மோந்து பாருங்கள். கண் எரிந்தால் திறப்பு போதவில்லை, அல்லது கோழி அதிகம்.

6 கோழிக்கு, இந்த வேலைகளையும் செய்யத் தயார் என்றால் வாங்கலாம். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்று மெஷ்ஷின் வெல்டிங் முனைகளை முதலில் தின்னும் என்பதால், அங்கே பிவிசி பூசிய மெஷ் கேட்டு வாங்குங்கள்.