மாநிறத் தோலுக்கு எந்த முறை? டயோடு, என்டி-யாக், ஐபிஎல், எலெக்ட்ரோலிசிஸ்

சென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து பெரம்பூர் வரை அழகு நிலையங்களின் வாசலில் தொங்கும் லேசர் முடி நீக்கப் பதாகைகள் எத்தனை சிட்டிங், எவ்வளவு தள்ளுபடி என்று சொல்கின்றனவே தவிர, உள்ளே இருக்கும் கருவி எந்த அலைநீளத்தில் ஒளியைச் செலுத்துகிறது என்பதைச் சொல்வதில்லை. மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் பலனும் ஆபத்தும் பெரும்பாலும் அந்த எண்ணைப் பொறுத்தே அமைகின்றன.

சுற்றியுள்ள திசுவைச் சுடாமல், நிறமுள்ள இலக்கை மட்டும் ஒளியால் சூடாக்க முடியும் என்பதை 1983-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் விளக்கினார்கள். முடியில் உள்ள மெலனின் என்ற நிறமி ஒளியை ஈர்த்துச் சூடாகி மயிர்க்காலைச் சிதைக்கிறது. ஆனால் அதே மெலனின் நம் மேல்தோலிலும் நிறைந்திருப்பதால், வெள்ளைத் தோலுக்குப் பொருந்தும் ஒளி அளவை அப்படியே நமக்கு வைத்தால் முடிக்குப் போக வேண்டிய சூட்டைத் தோல் வாங்கிக்கொள்கிறது.

டயோடு லேசர் ஏறத்தாழ 810 நானோமீட்டரிலும், என்டி-யாக் லேசர் 1064 நானோமீட்டரிலும் இயங்குகின்றன. அலைநீளம் கூடக்கூட மெலனின் ஒளியை ஈர்ப்பது குறைந்து, ஒளி ஆழமாக இறங்குவதால், நல்ல கறுப்புத் தோலுக்கு என்டி-யாக்கே பாதுகாப்பானது. அதற்கு விலையும் உண்டு: வலி சற்று அதிகம், மெல்லிய முடியில் பலன் குறைவு. அக்குள், கால் போன்ற இடங்களில் உள்ள தடித்த முடிக்கு டயோடு நன்றாக வேலை செய்கிறது. தோலைக் குளிர்விக்கும் முனையும், ஒளியைச் சற்று நீட்டிச் செலுத்தும் நீண்ட துடிப்பும் உள்ள கருவியாக இருந்து, தோலின் நிறத்தைப் பார்த்து அளவு வைக்கத் தெரிந்தவர் இயக்கினால், மாநிறத்துக்கு என் தேர்வு டயோடுதான். தினமும் வெயிலில் நின்று முகம் கறுத்தவர்கள் அந்தக் கருமை தணியும் வரை எதையும் தொடங்காமல் இருப்பது நல்லது.

ஐபிஎல் (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்) என்பது லேசரே அல்ல. பல அலைநீளங்கள் கலந்த ஒளியை அது பாய்ச்சுவதால் கறுத்த தோலில் தீக்காயமும் கருந்திட்டும் வரும் வாய்ப்பு அதிகம். என் தங்கைக்கு ஓர் அழகு நிலையத்தில் லேசர் என்று சொல்லி இதைத்தான் செய்தார்கள். தாடையில் விழுந்த கரும்புள்ளிகள் மங்கவே மாதக்கணக்கில் ஆயின. அதனால் கருவியின் பெயரை எழுதி வாங்குங்கள், ஒரு சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்காமல் முகத்தைக் கொடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

முகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்னத்திலும் கழுத்திலும் உள்ள பூனை முடியில் லேசர் பட்டு, முடி குறைவதற்குப் பதிலாக அடர்ந்து வளர்வதும் உண்டு. தெற்காசியப் பெண்களிடமும், பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) போன்ற ஹார்மோன் சிக்கல் உள்ளவர்களிடமும் இது கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. மாதவிலக்கு தவறி, தாடையில் தடித்த முடி முளைக்கும் பெண் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவரிடம்தான்; ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் தோல் மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பார்த்து, தேவையான இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம். ஹார்மோனைக் கவனிக்காமல் லேசர் மட்டும் செய்தால் புதிய முடி வந்துகொண்டேதான் இருக்கும்.

வளர்நிலையில் இருக்கும் முடியே லேசருக்கு வசப்படும் என்பதால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு முதல் எட்டு முறையாவது போக வேண்டியிருக்கும். அதன் பின்னும் கிடைப்பது நீடித்த குறைவு. முற்றான நீக்கம் அன்று.

முற்றாக நீக்கக்கூடியது எலெக்ட்ரோலிசிஸ். கண்ணுக்குள் வளைந்து வளரும் இமை முடிகளை அகற்ற 1875-இல் சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் எழுதி வெளியிட்ட முறை இது. ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஊசி நுழைத்து மின்சாரம் செலுத்துவதால் நிறத்துக்கு இங்கே வேலையில்லை. முழுக் காலுக்கு இது நடைமுறைக்கு ஒவ்வாத அளவுக்கு மெதுவானது. ஆனால் மோவாயில் நரைத்து நிற்கும் நாலைந்து முடிக்கு இதுவே ஏற்றது; லேசரில் பணம் கட்டுவது வீண், ஏனெனில் நரைமுடியில் ஒளி பற்றுவதற்கு மெலனின் இல்லை.

த்ரெட்டிங்கும் வேக்ஸிங்கும் மலிவு, தற்காலிகம். லேசர் செய்துகொள்ள முடிவெடுத்தால் அவற்றைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு, இடையில் ஷேவிங் மட்டும் செய்ய வேண்டும். வேரோடு பிடுங்கிய இடத்தில் லேசருக்கு இலக்கே இருக்காது.