பிளிட்விட்சே ஏரிகள்: மூன்று மணி நேரத்தில் பார்த்து முடிக்கிற இடம் அன்று

குரோவேஷியாவின் பிளிட்விட்சே ஏரிகள் தேசியப் பூங்காவுக்கு நான் இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை ஜூலை மாதத்தில், ஸாக்ரெப் நகரிலிருந்து ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் சென்றேன். ஏறத்தாழ 130 கிலோமீட்டர் பயணம் செய்து இறங்கியதும், மூன்று மணி நேரத்தில் பேருந்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று வழிகாட்டி அறிவித்துவிட்டார். பெரிய அருவியின் முன் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றதும், முன்னால் நடந்தவரின் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டே மரப்பாலங்களைக் கடந்ததும் மட்டுமே அன்று நினைவில் தங்கின. இரண்டாம் முறை அக்டோபர் நடுவில், பூங்காவுக்கு அருகிலேயே இரண்டு இரவுகள் தங்கி, ஒரு முழு நாளை அதற்கென்றே ஒதுக்கினேன். இந்த மதிப்புரை அந்த இரண்டாம் பயணத்தைப் பற்றியது. முதல் பயணம் எப்படிப் போகக்கூடாது என்பதற்கு மட்டும் பயன்படும்.

இங்கே பெயரிடப்பட்ட ஏரிகள் 16. மேலே 12, கீழே 4. மிக உயரத்தில் உள்ள புரோஷ்சான்ஸ்கோ ஏரியிலிருந்து கடைசி ஏரியான நோவாகோவிச்சா புரோட் வரை, ஒன்றின் கரை நிரம்பி வழிந்து அடுத்ததில் விழ, 130 மீட்டருக்கும் மேல் தண்ணீர் படிப்படியாக இறங்குகிறது. ஆனால் இந்த ஏரிகளின் கரையைக் கட்டியது யார் என்பதைத் தெரிந்துகொண்டு போனால்தான் பார்ப்பதற்குப் பொருள் உண்டு. சுண்ணம் கலந்த கடின நீரைக் காய்ச்சிக் காய்ச்சி அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடித்த பாத்திரம் பல வீடுகளில் இருக்கும். அதே வேதிவினைதான் இங்கே வெட்டவெளியில் நடக்கிறது. சுண்ணாம்புப் பாறைகளின் ஊடாக வரும் நீர் சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. விளிம்பில் வழிந்து சிதறும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணம் பாசியின் மீதும் விழுந்து கிடக்கும் மரத்தின் மீதும் படிந்து இறுகுகிறது. பாசியும் நுண்ணுயிர்களும் அந்தப் படிவைப் பிடித்துவைத்துக்கொண்டு மேலே மேலே வளர்வதால் அணை தானாகவே உயர்கிறது. நல்ல சூழலில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூட வளரும் என்கிறார்கள். டூஃபா எனப்படும் இந்தப் படிவு உயர உயர ஏரியின் நீர்மட்டமும் உயரும். ஓரிடத்தில் உடைந்தால் அருவி இடம் மாறும். மிகப் பெரிய ஏரியான கோஸ்யாக் ஒருகாலத்தில் இரண்டு ஏரிகளாக இருந்தது. கீழணை வளர்ந்ததில் நடுவே இருந்த அணை மூழ்கிப்போய், இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

கோஸ்யாக்குக்கு மேலே ஒரு மரப்பாலத்தில் குனிந்து பார்த்தேன். பீச் (beech) என்ற காட்டு மரத்தின் விரல் பருமனுள்ள கிளை ஒன்று தண்ணீருக்குள் கிடந்தது. நீருக்கு வெளியே நீட்டியிருந்த பாதி சாதாரணப் பழுப்பு மரப்பட்டையாகவும், உள்ளே கிடந்த பாதி சுண்ணாம்பில் முக்கி எடுத்ததுபோல் வெள்ளையாகவும் இருந்தன. அதன் மேல் ஒரு சாண் நீளமுள்ள மீன்கள் கூட்டமாக, நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நின்றன. நீர் அவ்வளவு தெளிவு. மீன்களின் நிழல் அடித்தரையில் தனித்தனியாகத் தெரிந்தது. ஜூலையில் இதே பாலத்தைக் கடந்திருப்பேன். பின்னால் வந்தவர்கள் நெருக்கியதில் குனிந்து பார்க்க வழியிருந்திருக்காது.

மேலேரிகளும் கீழேரிகளும் தோற்றத்தில் மாறுபடுவதற்குப் பாறைதான் காரணம். மேலே இருப்பது நீரை எளிதில் கசியவிடாத டோலமைட். ஆகவே ஏரிகள் அகன்று, காட்டுக்குள் மெல்ல வளைந்து கிடக்கின்றன. கீழே சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் அறுத்துப் பள்ளத்தாக்காக்கிவிட்டது. அங்கே ஏரிகள் குறுகலாக, செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே அடைபட்டிருக்கின்றன. படங்களில் அதிகம் வருவது கீழ்ப்பகுதி. 78 மீட்டர் உயரமுள்ள வெலிகி ஸ்லாப், அதாவது பெரிய அருவி, அங்கேதான் பிளிட்விட்சா என்ற ஓடையிலிருந்து விழுகிறது. நாட்டின் மிக உயரமான அருவி என்ற பெயர் அதற்கு உண்டு. என் கணக்கில் மேல்பகுதியே சிறந்தது. ஒரே பெரிய வீழ்ச்சிக்குப் பதிலாக, கிளைகளுக்கு நடுவே நூறு இழைகளாகப் பிரிந்து வழியும் நீரை அங்கே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். கோடை வறட்சியில் பெரிய அருவி மெலிந்துபோகும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பூங்காவின் ஏற்பாடுகளைப் பற்றி எனக்குப் பெரும்பாலும் நிறைவே. ஓரெழுத்துப் பெயரிட்ட நடைவழிகள் பல உள்ளன. நான் தேர்ந்தெடுத்தது முதல் நுழைவாயிலிலிருந்து தொடங்கும் ‘சி’ வழி. ஏறத்தாழ 8 கிலோமீட்டர், நான்கு முதல் ஆறு மணி நேரம். கீழேரிகளில் இறங்கி, ஏரிகளின் ஓரமாகவே நடந்து, கோஸ்யாக் ஏரியை மின்படகில் கடந்து, மேலேரிகளில் ஏறிச்செல்லும் இந்த வழியில் அருவிகள் எப்போதும் நம் முகத்துக்கு எதிரே இருக்கும். மேலிருந்து இறங்குபவர்கள் அடிக்கடி திரும்பி நின்று பார்ப்பதைக் கண்டேன். முடிவில் பூங்காவின் வண்டி நம்மைக் கீழே கொண்டுவந்து விடுகிறது. படகுக்கும் வண்டிக்கும் தனிக் கட்டணம் இல்லை; நுழைவுச்சீட்டிலேயே அடங்கும். படகு சத்தமில்லாமல் போவதால், கரையில் எங்கோ ஒரு மரங்கொத்தி கொத்துவதுகூடக் கேட்டது.

நுழைவுச்சீட்டின் விலை பருவத்துக்குப் பருவம் மாறும். உச்சக் கோடையில் பெரியவர்களுக்கு 40 யூரோ அளவில் இருக்கும் கட்டணம், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வெகுவாகக் குறைகிறது. குளிர்காலத்தில் அதனினும் குறைவு, ஆனால் அப்போது மேலேரிகளை மூடிவிடுவது வழக்கம். கூட்டம் அதிகமுள்ள விலையுயர்ந்த மாதத்தை விட்டு, பீச் மரங்கள் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறும் அக்டோபரைத் தேர்ந்தெடுப்பதே அறிவு. சீட்டை இணையத்தில் நேரம் குறிப்பிட்டு முன்பதிவு செய்ய வேண்டும். 2023 சனவரி முதல் குரோவேஷியா யூரோவையே பயன்படுத்துகிறது; பொது விசா செல்லும் ஷெங்கன் வட்டத்திலும் இருப்பதால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் பிற ஐரோப்பிய நாடுகளோடு இதையும் ஒரே விசாவில் சேர்த்துக்கொள்ளலாம்.

அருவி என்றால் தலையைக் கொடுத்து நின்றே பழகிய நமக்கு இங்கே ஓர் ஏமாற்றம் உண்டு: எந்த ஏரியிலும் இறங்கிக் குளிக்கக்கூடாது. தடைப்பலகைகள் எங்கும் இருக்கின்றன. மீனுக்கு உணவு போடுவதும் குற்றமே. முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் காலடி பட்டால் நொறுங்கிவிடும் பாசிமேல்தான் அந்த அணை முழுவதும் நிற்கிறது என்று அறிந்த பிறகு வாதிட எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. மரப்பாலங்களின் பல பகுதிகளில் கைப்பிடி கிடையாது. மழை பெய்தால் கட்டைகள் வழுக்கும். தள்ளுவண்டியில் குழந்தையை அழைத்துச் செல்வோரும், முழங்கால் வலி உள்ள முதியோரும் நீண்ட வழிகளைத் தவிர்ப்பது நல்லது. நான் தங்கிய வீட்டின் விளம்பரத்தில் ‘நுழைவாயிலுக்கு நடந்தே போகலாம்’ என்றிருந்தது. உண்மையில் அது நடைபாதையே இல்லாத நெடுஞ்சாலை ஓரமாக நான்கு கிலோமீட்டர். முன்பதிவுக்கு முன் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அமைதியான இடத்துக்குப் போரின் நினைவும் உண்டு. 1949-இல் தேசியப் பூங்காவாகி, 1979-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த இங்கே, 1991 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த மோதலில்தான் குரோவேஷிய விடுதலைப் போரின் முதல் உயிர்கள் பலியாயின. 1992 முதல் 1997 வரை இது ஆபத்திலுள்ள மரபிடங்களின் பட்டியலில் இருந்தது. ஜூலையில் எங்கள் வழிகாட்டி இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பூங்காவுக்குள் கிடைப்பது பசிக்கு உதவும், அவ்வளவே. வெளியே சாலையோரத் தட்டிகளில் லிக்கா வட்டாரத்து உழவர்கள் தேனும் ‘ஷ்கிரிபாவாட்ஸ்’ என்ற பாலாடைக்கட்டியும் விற்கிறார்கள். கடிக்கும்போது பல்லுக்கிடையே கீச்சென்று சத்தம் எழுப்புவதால் அந்தப் பெயர். அரைக் கிலோ வாங்கினேன். ஸாக்ரெப் பேருந்துக்குக் காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் பாதி தீர்ந்துவிட்டது.