மைதானத்து வாசல் கற்றாழை ஜூஸ்: சோறு மட்டும் வாங்குங்க, தோலோடு வேண்டாம்

மதுரையில் நாங்கள் காலையில் நடக்கப் போகும் மைதானத்தின் வாசலில் ஒரு மூலிகை ஜூஸ் வண்டி நிற்கிறது. அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லி, முடக்கத்தான் சூப் எல்லாம் உண்டு, ஆனால் கூட்டம் கற்றாழைக்குத்தான். டம்ளர் 30 ரூபாய். பெயர் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன். அந்த அண்ணனும் அக்காவும் தினமும் முகம் பார்த்துச் சிரிக்கிறவர்கள்.

முதலில் மடல் வெட்டுவதைச் சொல்லியாக வேண்டும், இந்த வண்டிக்கு நான் போவதே அதற்காகத்தான். மடலின் அடியை நறுக்கியதும் அண்ணன் அதை உடனே சீவுவதில்லை. வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு பிளாஸ்டிக் கூடையில் வரிசையாகச் சாய்த்து நிறுத்திவிடுகிறார். கிட்டப் போய்ப் பாருங்கள், மஞ்சள் பால் நடுவிலிருக்கும் சோற்றிலிருந்து வராது, தோலின் உட்பக்கத்தை ஒட்டிப் புள்ளி புள்ளியாகக் கசியும். கீழே வைத்திருக்கும் தட்டில் சொட்டிச் சொட்டி, காற்றுப் பட்டுக் காய்ந்து, கொஞ்ச நேரத்தில் டிகாஷன் நிறத்துக்குப் போய்விடும். அதற்கு அப்புறம்தான் முள் ஓரங்களைச் சீவி, இரண்டு பக்கத் தோலையும் கொஞ்சம் தாராளமாகவே எடுத்து, சோற்றை மட்டும் கட்டிகளாக வெட்டி அலசுகிறார். தோலை மெல்லிசாகச் சீவினால் சோறு நிறையக் கிடைக்கும், ஆனால் மஞ்சளும் கூடவே வரும். லாபம் பார்த்து மெல்லிசாகச் சீவாததே பெரிய விஷயம்.

ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் என்றால், ஒரே மடலுக்குள் இருப்பது இரண்டு வேறு சரக்கு. சோற்றில் 98, 99 சதவீதம் தண்ணீர்தான், மிச்சத்தில் அசிமன்னான் என்கிற ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது, அந்த வழவழப்பு அதனால் வருவது. மஞ்சள் பாலில் இருப்பது அலோயின், கூடவே அலோ-எமோடின் போன்ற சில. கசப்பு முழுக்க அலோயினுடையது. நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம், மூசாம்பரம் என்று கேட்டால் கறுப்புக் கட்டியாகத் தருவார்களே, அது இந்தப் பால் காய்ந்ததுதான். அடிபட்ட வீக்கத்துக்கு முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பற்றுப் போடுகிற வீடுகளில் இது எல்லோருக்கும் தெரியும்.

அலோயின் வயிற்றைப் போக வைக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விழுங்கியதும் வேலை செய்யாது. சிறுகுடலை அப்படியே தாண்டி, பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா அதை உடைத்த பிறகுதான் குடல் சுருங்கவும் தண்ணீர் சுரக்கவும் தொடங்கும், அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதனால் வண்டி ஓரத்திலேயே நின்று "குடிச்ச உடனே ஃப்ரீயாப் போகுதுப்பா" என்று சாட்சி சொல்கிற பெரியவர்கள் அதற்கான நன்றியைக் காலையில் குடித்த சுடுதண்ணீருக்கும் நடைக்கும் சொல்லலாம்.

சரி, குறைக்கு வருவோம். போர்டில் கற்றாழைக்குக் கீழே சின்னதாக "ஸ்பெஷல் (தோலுடன்) 40" என்று ஒரு வரி இருக்கிறது. மலச்சிக்கல்காரர்களுக்கு என்று மடலை முள் மட்டும் சீவி, அப்படியே மிக்ஸியில் போட்டு அடித்துத் தருகிறார்கள். "கசந்தாத்தானே மருந்து, தோலோடவே அடிங்க தம்பி" என்று வரிசையில் என் முன்னால் நின்ற ஐயா கேட்டு வாங்கினார். தினமும் குடிக்கிறாராம். கூடையில் வடியவிட்டு எதை வெளியேற்றினாரோ அதையே பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு திரும்ப உள்ளே தள்ளுகிறார் அண்ணன், இது என்ன கணக்கு?

தினமும் என்பதுதான் இதில் வம்பு. ஐரோப்பிய மருந்து ஆணையத்தின் கணக்கில், மலச்சிக்கலுக்கு அலோயின் வகைப் பொருள் ஒரு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் போதும், அதுவும் சில நாட்களுக்கு மட்டும், சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடவே கூடாது. வண்டியில் அடிக்கும் டம்ளரில் எத்தனை மில்லிகிராம் போகிறது என்று யார் அளந்தார்கள்? மடலுக்கு மடல், பருவத்துக்குப் பருவம் அது மாறும். நாள்கணக்கில் பேதியானால் உடம்பிலிருந்து பொட்டாசியம் இறங்கும். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர்களுக்கும், நீர் பிரிய மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் அது நேரடி ஆபத்து. அமெரிக்காவில் 2002லேயே கடையில் சீட்டு இல்லாமல் விற்கும் பேதி மருந்துகளிலிருந்து கற்றாழைப் பாலை எடுத்துவிட்டார்கள். அப்புறம் 2013இல் அங்கே அரசின் நச்சியல் திட்டம் வெளியிட்ட ஆய்வில், நிறம் நீக்காத, அதாவது அலோயினை வடிகட்டி எடுக்காத முழு மடல் சாற்றை இரண்டு வருடம் தண்ணீரில் கலந்து குடித்த எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் வந்திருந்தன. அதை வைத்துத்தான் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முழு மடல் சாற்றை 2பி பிரிவில், அதாவது மனிதருக்கும் புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகப்படுகிறவற்றின் பட்டியலில் வைத்தது. எலிக்கு வந்தது நமக்கும் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை, சோற்றைக் குடிப்பவர்கள் பயப்படவும் வேண்டாம், அந்த ஆய்வு தோலோடு அரைத்ததைப் பற்றியது. ஆனால் தோலோடு தினமும் ஒரு டம்ளர் என்பவருக்கு இதைச் சொல்லாமல் விடவும் முடியாது.

பாட்டில் ஜூஸ் பாதுகாப்பு இல்லையா என்று கேட்பீர்கள். ஒழுங்கான கம்பெனி என்றால் கரித்தூளில் வடிகட்டி அலோயினை எடுத்துவிடும், குடிப்பதற்கான சரக்கில் 10 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அந்தத் தொழிலின் சர்வதேச அமைப்பே வரம்பு வைத்திருக்கிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் நான் புரட்டிப் பார்த்த லேபிள்களில் கெடாமல் இருக்கப் போடும் சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் எல்லாம் ஒழுங்காக இருந்தன, அலோயின் அளவை மட்டும் காணோம். சர்க்கரையும் பழ வாசனையும் சேர்த்த பாட்டிலில் நாக்கை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. வண்டியில் அந்த வசதி உண்டு: மோரில் அடிப்பதற்கு முன்னால் ஒரு கட்டி சோற்றை வாயில் போட்டுப் பாருங்கள், நன்றாக அலசியிருந்தால் சப்பென்று இருக்கும், கசந்தால் இன்னொரு தரம் அலசச் சொல்லுங்கள், அக்கா முகம் சுளிப்பதில்லை.

அலசுகிற தண்ணீர் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. ஏழு தண்ணீர் என்று பேச்சு, ஆனால் இரண்டு வாளிகள்தான் மாறி மாறிச் சுற்றுகின்றன, எட்டு மணிக்கு மேல் வாளித் தண்ணீரே மஞ்சளாக இருக்கிறது. ஏழரைக்குள் போய்விடுங்கள்.

போர்டில் சர்க்கரை, மூட்டுவலி, குழந்தையின்மை, கேன்சர் என்று எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டு நகரவும். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் தினமும் குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை இறங்கிவிட வாய்ப்புண்டு. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள் இந்த வண்டியில் நெல்லியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ருசி? மோர், இஞ்சி, எலுமிச்சை, கல்லுப்பு, கொஞ்சம் பெருங்காயம். நன்றாகவே இருக்கிறது, இஞ்சிதான் ஒரு பிடி அதிகம். சோற்றை முழுக்க மசிய விடாமல் சின்னத் துண்டுகள் வாயில் தட்டுப்படும்படி நிறுத்துகிறார், எனக்கு அது பிடிக்கும், என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது.

சாதா கற்றாழை மோருக்கு 5க்கு 4. தோலுடன் ஸ்பெஷலுக்கு மார்க்கே கிடையாது. பார்சல் கேட்டால் பாட்டிலில் ஊற்றித் தருவார்கள், வாங்காதீர்கள், மதியத்துக்குள் புளித்துவிடும். ஜிபே உண்டு, சில்லறை கிடையாது.